முந்நூற்று எண்பத்தாறு மக்கீன்கள்

மலைச்சாரல் இரத்ததானச் சங்கத்துக்கு நிரஞ்சனி செயலாளராகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவளுக்கென்று மிஞ்சவில்லை.

வார நாட்களில் அவள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு டயர் களஞ்சியத்தில் வேலை பார்த்தாள். எந்த அளவு டயர் எத்தனை வந்தது, எத்தனை போனது என்று நாள் முழுக்க எக்செல்லில் பதிவதுதான் வேலை. ஞாயிறு காலையில் கண்டி மஹியாவ வீட்டில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு மடிக்கணினியைத் திறந்தால் அங்கேயும் அதே எக்செல். ஆனால் டயர்களுக்குப் பதிலாக மனிதர்கள். முந்நூற்று எண்பத்தாறு பேர். பெயர், ஊர், இரத்த வகை, கடைசியாக இரத்தம் கொடுத்த திகதி, மின்னஞ்சல் முகவரி.

ஒருவர் இரத்தம் கொடுத்தால் மறுபடி கொடுக்க நாலு மாதம் ஆக வேண்டும். யார் யாருக்கு நாலு மாதம் முடிந்தது என்று திகதிகளைப் பார்த்து, அவர்களுக்கு அடுத்த முகாம் எப்போது, எங்கே என்று எழுத வேண்டும். முன்பு சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் காலை வணக்கப் பூக்கள் நிரம்பி வழிந்து, பாதிப் பேர் வெளியேறி, மீதிப் பேர் சத்தத்தை அடைத்துவிட்டார்கள். அதனால்தான் மின்னஞ்சல். ஒரு கடிதத்தை எழுதி, நகல் எடுத்து, பெயரை மாற்றி, அனுப்பி, அடுத்ததற்குப் பெயரை மாற்றி... முப்பது, நாற்பது பேருக்கு எழுதி முடிக்கும்போது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

"இந்த வேலைய மெஷினே செய்யாதா?" என்று அவளுடைய கணவன் ஸ்ரீதரன் ஒருநாள் கேட்டான். அவன் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர். ஞாயிறு சமையல் அவனுடையது. வைத்த மீன் குழம்பு ஆறிப்போகிறதே என்ற கவலையில் கேட்டது.

நிரஞ்சனிக்கு அது மனதில் தங்கிவிட்டது. எக்செல்லைத் தானாக வேலை செய்ய வைக்கும் மெக்ரோ என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். களஞ்சியத்தில் யாரோ எழுதி வைத்த ஒரு பொத்தானை அழுத்தினால் மாத அறிக்கை தானாக வந்து விழும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தாள். பகல் இடைவேளையில் சோற்றுப் பார்சலை ஒரு கையிலும் பென்சிலை மறு கையிலும் வைத்துக்கொண்டு வீடியோக்கள் பார்த்தாள். மூன்று வாரம் இப்படிப் போனது.

முதல் தடங்கல் தமிழால் வந்தது. மெக்ரோ எழுதும் பக்கத்தில் கடிதத்தைத் தமிழில் தட்டினால் எல்லா எழுத்தும் கேள்விக்குறியாக மாறியது. "மதிப்புக்குரிய" என்று எழுதினால் வரிசையாகப் பதினான்கு கேள்விக்குறி. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு, கடிதத்தை மெக்ரோவுக்குள் எழுதாமல் எக்செல்லின் இன்னொரு தாளில் ஒரு கட்டத்தில் எழுதி வைத்து, மெக்ரோவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தமிழ் சிதையாமல் வந்தது. அன்றைக்குக் களஞ்சியத்தில் யாரும் பார்க்காத நேரம் தனியே கை தட்டிக்கொண்டாள்.

கடிதத்தை அவள் ஆசையோடு எழுதியிருந்தாள். வெறும் அறிவித்தலாக இருக்கக் கூடாது, வாசிப்பவருக்கு நெஞ்சு நிமிர வேண்டும் என்று, ஒவ்வொருவரும் இதுவரை எத்தனை தடவை கொடுத்திருக்கிறார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தாள். எண்ணிக்கை ஏற்கெனவே தாளில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு நிரலில் இருந்தது. யாரும் அதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை.

முதலில் ஒரே ஒருவருக்குப் போகும்படி எழுதிப் பார்த்தாள். தாளின் முதல் வரி தலைப்புகள். இரண்டாவது வரியில் இருந்தவர் திகன ஊரைச் சேர்ந்த மக்கீன். அரிதான ஓ நெகட்டிவ் இரத்தம் என்பதால் பழைய செயலாளர் அவரை எல்லோருக்கும் மேலே வைத்திருந்தார். சோதனைக்காக முகவரிக் கட்டத்தில் தன் முகவரியைப் போட்டு அனுப்பினாள். கடிதம் அழகாக வந்தது. மக்கீனின் முகவரியைத் திரும்பப் போட்டாள். பிறகு எல்லா வரிக்கும் சுற்றிவரும்படி மெக்ரோவை மாற்றினாள்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஸ்ரீதரனையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினாள்.

"அவ்வளவுதானா?" என்றான் அவன்.

"அவ்வளவுதான். பாருங்க, போகுது."

அனுப்பப்பட்டவை என்ற பெட்டியில் எண் ஏறியது. பத்து, இருபது, நாற்பது. நாற்பதில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. எண்பது. நூற்று இருபது. நிரஞ்சனி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மெக்ரோவை எப்படி நடுவில் நிறுத்துவது என்று எந்த வீடியோவிலும் அவள் கவனித்துப் பார்த்திருக்கவில்லை. எண் முந்நூற்று எண்பத்தாறில் போய் தானாகவே நின்றது.

அனுப்பிய கடிதம் ஒன்றைத் திறந்து பார்த்தாள். மடுல்கெல்லவில் ஆசிரியராக இருக்கும் பெரியதம்பிக்குப் போனது அது.

"மதிப்புக்குரிய திகன மக்கீன் அவர்களுக்கு, நீங்கள் இறுதியாக இரத்தம் வழங்கி நான்கு மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. ஓ நெகட்டிவ் இரத்த வகையைச் சேர்ந்த நீங்கள் இதுவரை 53 தடவை இரத்ததானம் செய்து எத்தனையோ உயிர்களுக்குத் துணையாக இருந்திருக்கிறீர்கள். உங்கள் 54ஆவது தானத்துக்காக வரும் ஞாயிறு முகாமில் காத்திருக்கிறோம்."

அடுத்ததைத் திறந்தாள். அதுவும் மக்கீனுக்கு. அதற்கடுத்ததும்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுற்றிவரும்படி மாற்றியபோது முகவரியை மட்டும் வரிக்கு வரி எடுக்கச் சொல்லியிருந்தாள். பெயர், ஊர், இரத்த வகை, திகதி, எண்ணிக்கை எல்லாம் பழையபடி இரண்டாவது வரியிலேயே நின்றன. நாலு மாதம் முடிந்ததா என்று ஒவ்வொரு தடவையும் மெக்ரோ பார்த்ததும் மக்கீனுடைய திகதியைத்தான். அவருக்கு முடிந்திருந்தது. ஆகவே எல்லோருக்கும் அனுப்பிவிட்டது.

தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. கடிதத்தின் அடியில் அவளுடைய இலக்கம் இருந்ததே. நாலாவது அழைப்போடு நிரஞ்சனி அழ ஆரம்பித்துவிட்டாள். ஸ்ரீதரன் தொலைபேசியை வாங்கிக்கொண்டான்.

"இல்லீங்க, இது மக்கீன் வீடு இல்ல... ஆமாங்க, தவறுதலா வந்திருச்சு... இல்லீங்க, உங்க பேரு மாறல, நீங்க நீங்கதான்..."

கலகெதரவில் கணிதம் கற்பிக்கும் பாயிஸா டீச்சர்தான் சங்கத் தலைவி. அவர் அழைத்தபோது ஸ்ரீதரன் தொலைபேசியை நிரஞ்சனியிடம் நீட்டினான். அவர் சிரித்தார். "நிரஞ்சனி, எனக்கு அம்பத்தி மூணு தடவையாம். நான் என்ட வாழ்க்கையில ஒம்பது தடவதான் குடுத்தீக்கிறேன்." பிறகு அவள் அழுவது தெரிந்து குரலை மாற்றினார். "அழாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல்ல. எல்லாருக்கும் ஒரு திருத்தம் அனுப்புவோம்."

"மக்கீன் நானாவுக்கு ஆகியிருக்கே டீச்சர். அவரோட விசயத்த ஊர் முழுக்கச் சொல்லிட்டேன்."

"அதுக்கு நேர்ல போய்த்தான் மன்னிப்புக் கேக்கணும்," என்றார் பாயிஸா டீச்சர்.

பதில்களும் வந்துகொண்டிருந்தன. நிரஞ்சனி பயந்து பயந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். சிலர் கேலி செய்திருந்தார்கள். ஒருவர், தன் இரத்த வகையைத் தன்னைக் கேட்காமல் எப்படி மாற்றலாம் என்று கோபமாக எழுதியிருந்தார். ஆனால் அவள் எதிர்பாராத மாதிரியான பதில்கள்தான் கூடுதலாக வந்தன. பெரியதம்பி எழுதியிருந்தார்: "நான் மக்கீன் இல்லை. நாலு தடவை கொடுத்துவிட்டுப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. இந்த ஞாயிறு வரலாமா?" இன்னொருவர்: "அந்த ஐம்பத்து மூன்று தடவைக்காரருக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். நானும் வருகிறேன்." மாலைக்குள் இப்படி முப்பதுக்கு மேல் வந்துவிட்டன. மக்கீனிடமிருந்து மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. அவர் இலக்கத்துக்கு இரண்டு தடவை அடித்தாள். எடுக்கவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, குண்டசாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறித் திகனவில் இறங்கினாள். மக்கீனின் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தையல் சாமான் கடை. சுவர் முழுக்க நூல் உருளைகள், கண்ணாடிப் போத்தல்களில் பொத்தான்கள், கம்பியில் தொங்கும் லேஸ் சுருள்கள். ஐம்பத்தேழு வயதிருக்கும், மெலிந்த மனிதர், தொப்பி போட்டு, ஒரு பெண்ணுக்கு ஸிப் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கதிரையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். வாடிக்கைப் பெண் போகும்வரை நிரஞ்சனி காத்து நின்றாள்.

"நானா, நான் நிரஞ்சனி. ரத்ததானச் சங்கத்திலருந்து வர்றேன்."

மக்கீன் அளவுநாடாவைச் சுருட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்கதானா அந்த மெயில் அனுப்பின புள்ள?" என்று கேட்டவர் அவர் மனைவி, றலியா. எழுந்து முன்னால் வந்தார். "என்ட கூடப்பொறந்த நானா பளீலும் ஒங்கட சங்கத்தில ஈக்கிறார். நேத்து காலையில கோல் எடுத்து, 'மச்சான் அம்பத்தி மூணு தடவ ரத்தம் குடுத்தீக்கிறாராமே'ன்டு கேக்கிறார். எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. இருவத்தாறு வருசமா இந்த மனுசன் என்ட கிட்ட ஒரு வார்த்த செல்லல்ல!"

"றலியா," என்றார் மக்கீன் மெதுவாக.

"நூல் எடுக்கப் போறேன்டு கண்டிக்குப் போவார். வரக்குள்ள ஒரு பிஸ்கட் பக்கெட் கொண்டு வருவார். ரத்தம் குடுத்தாக்களுக்கு அங்க குடுக்கிற பிஸ்கட்டாம் அது! நேத்துத்தான் எனக்குத் தெரியும்."

நிரஞ்சனி கைகளைப் பிசைந்தாள். "மன்னிச்சிருங்க நானா. பிழை முழுக்க என்னோடது. ஒரு எண்ண மாத்தாம விட்டுட்டேன். உங்க பேரு எல்லாருக்கும் போயிருச்சு."

"எத்தன பேருக்கு?"

"முந்நூத்தி எம்பத்தாறு."

மக்கீன் கண்ணை மூடித் திறந்தார். கோபம் இல்லை. வெட்கப்பட்ட மனிதரின் முகமாக இருந்தது அது. நிரஞ்சனிக்கு அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இல்மா பொறந்து பத்தாம் நாள்," என்று ஆரம்பித்தார். "எங்கட மகள். இப்ப கொழும்பில வேல செய்றா. அப்ப அவக்கு ரத்தம் ஏத்த வேண்டி வந்தது. ஏத்தினாங்க. புள்ள பிழைச்சது. நான் நேர்ஸ்கிட்டக் கேட்டேன், யார்ட ரத்தம் இது, நான் போய் அவர்ட கையப் புடிக்கணும்டு. பேர் செல்ல ஏலாதுன்டாங்க. யாரோ ஒருத்தர். என்ன ஊர், என்ன சாதி, என்ன மார்க்கம், ஒண்ணும் தெரியா. நானும் அப்பிடித்தான் குடுக்கணும்டு நெனச்சேன். குடுக்கிறது நான்டு யாருக்கும் தெரியக் கூடா. அல்லாஹ்வுக்குத் தெரிஞ்சாப் போதும்."

வெளியே ஒரு லொறி போய் முடிந்தது.

"என்ட பேர அந்த லிஸ்ட்டிலருந்து எடுத்துடுங்க தங்கச்சி," என்றார் மக்கீன்.

நிரஞ்சனி அதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். சரி என்று சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்றும் நினைத்திருந்தாள். ஆனால் வாய் வேறு சொன்னது. "எடுத்துருவேன் நானா. நீங்க சொன்னா இன்னிக்கே எடுத்துருவேன். ஆனா எங்க லிஸ்ட்டுல ஓ நெகட்டிவ் பதினொரு பேருதான் இருக்காங்க. அவசரம்னா ஆஸ்பத்திரியில கேக்கிறப்ப நாங்க முதல்ல எடுக்கிற நம்பர் உங்களோடது."

மக்கீன் பதில் சொல்வதற்குள் றலியா முந்திக்கொண்டார்.

"இவர்ட பேர எடுக்க வேணாம். என்ட பேரையும் போடுங்க."

"ஒனக்கு என்னத்துக்கு?" என்றார் மக்கீன் திடுக்கிட்டு.

"அண்டைக்கு நீங்க வார்ட்டுக்கு வெளிய நிண்டீங்க. நான் உள்ள புள்ளக்கிப் பக்கத்தில இருந்தேன். அந்தப் பையில இருந்து ஒவ்வொரு சொட்டா எறங்கினத்த நான்தான் பாத்தேன். எனக்கும் அந்த ஆள் யாரெண்டு தெரியா. எனக்கும் குடுக்க ஆச வராதா? நீங்க செல்லியிருந்தா நான் எப்பவோ வந்தீப்பேன். இருவத்தாறு வருசம் தனியாவே போயிட்டு வந்தீக்கிறீங்க."

மக்கீன் அளவுநாடாவை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததை நிரஞ்சனி பார்த்தாள்.

"சரி. பேர் இருக்கட்டும்," என்றார் கடைசியில். "எண்ணிக்கைய மட்டும் செல்ல வேணாம். எனக்கு எழுதிற கடிதத்தில கூட."

றலியா உள்ளே போய் பால் விடாத இஞ்சிப் பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டு வந்தார். நிரஞ்சனி குடித்து முடித்தபோது அவருடைய வயது, நிறை, ஏதாவது நோய் வருத்தங்கள் உண்டா என்பதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து எடுத்திருந்தாள்.

அன்று மாலையே உட்கார்ந்தாள். தாளில் புதிதாக ஒரு நிரல் சேர்த்தாள். எண்ணிக்கையைச் சொல்லலாமா, வேண்டாமா. வேண்டாம் என்று இருந்தால் அந்த வரியை விட்டுவிட்டுக் கடிதம் எழுதும்படி மெக்ரோவில் இரண்டு வரி எழுதினாள். அந்த நிரலில் எல்லோருக்கும் முதலில் வேண்டாம் என்றே போட்டாள். விருப்பமானவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். பெயர், ஊர், இரத்த வகை, திகதி, எண்ணிக்கை ஐந்தும் இந்தத் தடவை வரிக்கு வரி எடுக்கின்றனவா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடிதங்கள் உடனே போகாமல் முதலில் திரையில் திறந்து காட்டும்படி வைத்து, ஐந்து பேருடையதை வாசித்துப் பார்த்தாள். கலகெதர பாயிஸா, பாயிஸாவாகவே இருந்தார். மடுல்கெல்ல பெரியதம்பி, பெரியதம்பியாகவே இருந்தார். அதன் பிறகுதான் திருத்தக் கடிதம் போனது. மன்னிப்புக் கேட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, முதலில் வந்த கடிதத்தை அழித்துவிடும்படியும், அதில் பெயர் இருந்தவரை யாரும் தேடிப்போய்ப் பாராட்ட வேண்டாம், அவர் அதை விரும்பவில்லை என்றும் சேர்த்திருந்தாள்.

ஞாயிறு முகாம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பொதுமண்டபத்தில் நடந்தது. வழமையாக இருபத்தைந்து பேர் வந்தால் நல்ல நாள் என்பார்கள். அன்று பத்து மணிக்கே நாற்பத்தெட்டுப் பேர் பதிந்துவிட்டார்கள். கதிரைகள் போதாமல் ஸ்ரீதரன் பக்கத்துத் தையல் வகுப்பிலிருந்து நீள வாங்குகளைத் தூக்கி வந்தான். கொண்டுவந்த இரத்தப் பைகள் போதுமா என்று இரத்த வங்கியிலிருந்து வந்த டாக்டர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார்.

மக்கீனும் றலியாவும் பதினொரு மணிக்கு வந்தார்கள். றலியாவின் விரலில் குத்திச் சோதித்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. பி பொசிட்டிவ். கட்டிலில் அவர் படுத்ததும் மக்கீன் தைரியம் சொல்லப் பக்கத்தில் போய் நின்றார். தாதி ஊசியை எடுத்தாள். ஐம்பத்து மூன்று தடவை தன் கையை நீட்டிய மனிதர், மனைவியின் கையில் ஊசி போவதைப் பார்த்ததும் வெளிறிப்போய்ச் சுவரைப் பிடித்தார்.

"அவரக் கொண்டுபோய் வெளிய உக்கார வைங்க," என்றார் றலியா படுத்தபடியே, சிரிப்பை அடக்க முடியாமல். "எனக்கு ஒண்ணும் இல்ல."

மக்கீன் சமாளித்துக்கொண்டு தன் முறைக்குக் கொடுத்து முடித்து வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் பெரியதம்பி இருந்தார். மடுல்கெல்லவிலிருந்து ஒரு வேனில் தன் பாடசாலை ஆசிரியர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நிரஞ்சனி இரத்தம் கொடுத்தவர்களுக்கான சின்னப் பால் பக்கெட்டுகளோடு அந்தப் பக்கம் வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மிஸ், தப்பா நினைக்காதீங்க. அந்த மக்கீன்ங்கிறவரு வந்திருக்காரா? பாராட்டல்லாம் மாட்டேன். சும்மா தூரத்திலருந்து பாத்துக்கிறேன்."

நிரஞ்சனி மக்கீனைப் பார்க்கவில்லை. "வந்துட்டுத்தான் இருக்கார்," என்றாள்.

"நல்ல மனுசனா இருக்கணும்," என்றார் பெரியதம்பி பக்கத்திலிருந்தவரிடம்.

"இருக்கும்," என்றார் மக்கீன். பால் பக்கெட்டில் உறிஞ்சு குழாயைக் குத்தினார். "நீங்க மடுல்கெல்லயா? அங்க இப்ப மழ எப்பிடி?"

இருவரும் மழையைப் பற்றியும், மண் சரிந்து மூடிக்கிடந்த பாதையைப் பற்றியும், மலையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்க ஆள் கிடைக்காததைப் பற்றியும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சீருடைக்கு நல்ல நூல் எது என்று மக்கீன் விளக்கமாகச் சொன்னார். பெரியதம்பி அதைத் தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டார். றலியா வந்து மறுபக்கம் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த பஞ்சை அடிக்கடி தொட்டுப் பார்த்தபடி, இருவர் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மொத்தம் எழுபத்தொரு பேர் கொடுத்தார்கள். பாயிஸா டீச்சர் எண்ணிக்கையைச் சொன்னபோது நிரஞ்சனி மறுபடி ஒரு தடவை எண்ணச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது. கடிதங்களை ஒரு பார்வை பார்த்து, பொத்தானை அழுத்தி, எண் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு நிரஞ்சனி மடிக்கணினியை மூடிவிடுவாள். போன ஞாயிறு அவளும் ஸ்ரீதரனும் உடவத்தைக் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தார்கள். அட்டை கடித்த கால்களோடு வீடு வந்து, குளித்து, சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிவரை தூங்கினார்கள்.